சென்னை மேற்குப் புறநகரில் பாம்பும் மனிதரும்: ஏரி, இருளர், நகரம்

நகரத்தில் காட்டுயிர்கள் என்றதும் மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளில் உலவும் சிறுத்தைகளும், தில்லியின் குரங்குகளும், சென்னை கிண்டியின் புள்ளிமான்களும் நினைவுக்கு வரும். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரியும் புறநகரில் மனிதரோடு மிக நெருங்கி வாழும் காட்டுயிர் பாம்பு. கீரிப்பிள்ளை, மரநாய், ஆந்தை, பழந்தின்னி வௌவால் போன்றவையும் சென்னைப் பகுதியில் மனிதருக்கு அருகிலேயே வாழ்கின்றன. எனினும் அச்சம், வழிபாடு, வணிகம், மருத்துவம், சட்டம் ஆகிய ஐந்தையும் தொட்டுச்செல்லும் நீண்ட வரலாறு பாம்புக்கே உண்டு.

அந்த வரலாற்றில் பாம்பையும் நகரவாசியையும் தவிர மூன்றாவதாக ஒரு தரப்பும் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வயல்களிலும் புதர்க்காடுகளிலும் வாழ்ந்துவந்த இருளர் பழங்குடியினரே அத்தரப்பு. பாம்பும் மனிதரும் ஒரே நிலத்தில் வாழ முடிந்ததற்கு இவர்களின் தொழிலறிவு ஒரு முக்கியக் காரணம். நகரம் வளர வளர அந்த அறிவின் தேவை கூடியது. அதைக் காத்துவந்தவர்களின் நிலமோ சுருங்கியது.

ஏரிகளின் நிலம்

வட தமிழகத்தின் இப்பகுதி பழைய ஏரிப்பாசன நிலம். பருவமழை நீரைக் கரை கட்டித் தேக்கி, மதகு வழியாக வயலுக்கு விட்டு, மிகுந்த நீரைக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்பும் தொடர் ஏரிகள் இங்கு இருந்தன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி ஆகியவை இன்றும் எஞ்சியிருப்பவை. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்டது. அதன் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது.

ஏரிப்பாசன நிலம் பாம்புகளுக்கு மிகவும் உகந்தது. நெல் விளையும் இடத்தில் வயல் எலி பெருகும். எலி இருக்கும் இடத்தில் அதைத் தின்னும் நல்லபாம்பும் சாரையும் கண்ணாடி விரியனும் இருக்கும். ஏரியிலும் வாய்க்காலிலும் தவளையையும் மீனையும் தின்று நீர்க்கோலி வாழும். வரப்பில் எலிவளை, கரம்பில் கறையான் புற்று, களத்துமேட்டில் வைக்கோற்போர், ஏரிக்கரையில் பனைமரங்கள் எனப் பாம்பு ஒளிவதற்கான இடங்கள் யாவும் உழவின் அங்கங்களாகவே இருந்தன. ஆகவே இப்பகுதியில் பாம்பைக் காட்டிலிருந்து வந்த உயிரி என்று சொல்வது பொருந்தாது. அது உழவு நிலத்தின் நிலையான குடி.

எலிகள் விளைச்சலில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். பாம்பு அவற்றைக் கட்டுப்படுத்தியதால் உழவருக்கு லாபம் இருந்தது. அதே பாம்பு இருட்டில் மிதிபட்டால் உயிரையும் எடுத்தது. இந்த இரண்டு உண்மைகளுக்கு இடையில்தான் பாம்பைப் பற்றிய மக்களின் மனநிலை உருவானது.

வழிபாடும் அச்சமும்

தமிழகமெங்கும் அம்மன் கோவில்களில் புற்று வழிபாடு உண்டு. பூந்தமல்லிக்கு அருகே திருவேற்காடு தேவி கருமாரியம்மன் கோவிலின் புற்று இப்பகுதியில் பெயர்பெற்றது. பக்தர்கள் புற்றுக்குப் பாலும் முட்டையும் படைக்கின்றனர். பாம்பு இயல்பாகப் பால் குடிக்கும் விலங்கு அன்று. ஆனாலும் புற்றை இடிக்கக்கூடாது என்ற நம்பிக்கை பல இடங்களில் பாம்புக்குப் புகலிடம் தந்தது.

அச்சமும் தன் பங்குக்குக் கதைகளை உண்டாக்கியது. கொம்பேறி மூக்கன் தான் கடித்தவரின் பிணம் எரிவதை மரத்தில் ஏறி நின்று பார்க்கும் என்றும், பச்சைப் பாம்பு கண்ணைக் குத்தும் என்றும், சாரையும் நல்லபாம்பும் இணையும் என்றும் ஊரார் சொல்வர். இவை மூன்றும் உண்மையல்ல. கொம்பேறி மூக்கன் நஞ்சற்றது. பச்சைப் பாம்பின் நஞ்சு மிக லேசானது. மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை. சாரை பாம்பினங்களுள் உழவருக்கு மிகவும் உதவுவது. அதற்கு நஞ்சு இல்லை. ஆயினும் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் அடிபட்டுச் சாகும் பாம்புகளில் இத்தகைய தீங்கற்றவையும் அடங்கும்.

பாம்புகளை முறையாக இனம் பிரித்து எழுதும் முயற்சி சோழமண்டலக் கரையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரசல், இக்கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய நூலை 1796இல் வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவின் பல பகுதிகளில் கொன்ற நச்சுப்பாம்புக்குப் பரிசுப் பணம் தந்து பார்த்தது. பாம்புக்கடிச் சாவு அதனால் ஒழியவில்லை. எலியும் நெல்லும் இருக்கும்வரை பாம்பும் இருக்கும் என்பதை அத்திட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

இருளர்

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களுள் இருளரும் ஒருவர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இவர்கள் சுமார் 1,89,000 பேர். நீலகிரி, கோவைப் பக்க மலைகளில் வாழும் இருளரிலிருந்து வேறுபட்டு, வட மாவட்டச் சமவெளி இருளர் ஏரிக்கரை, புதர்க்காடு, வயலோரம் ஆகிய இடங்களில் குடியிருந்தனர். கன்னியம்மன் இவர்களின் முக்கிய தெய்வம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் பல ஊர் இருளர் கூடித் தங்கி வழிபடுவது வழக்கம்.

தேன், மூலிகை, விறகு திரட்டுவது, மீனும் நண்டும் பிடிப்பது, எலிவளை வெட்டுவது, பாம்பு பிடிப்பது ஆகியவை இவர்களின் தொழில்களாக இருந்தன. எலிவளையை வெட்டும்போது எலியும் கிடைக்கும். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். எலி அழிந்தால் உழவருக்கும் நன்மை என்பதால் வயலில் இறங்க இவர்களைத் தடுப்பதில்லை. எலிவளையை அறிந்தவருக்குப் பாம்பின் இருப்பிடமும் தெரியும். வளை வாயில் மண் வழவழப்பாகியிருப்பது, சட்டை உரித்த துணுக்கு, எச்சம், மணலில் ஊர்ந்த தடம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எப்போது போனது என்று இவர்கள் கணிப்பர். கருவி என்று சொன்னால் ஒரு கடப்பாரைதான். பெண்களும் இத்தொழிலில் தேர்ந்தவர்கள். இந்த அறிவு பெற்றோரோடு வயலில் நடந்து நடந்தே பிள்ளைகளுக்கு வந்தது.

தோல் வணிகம்

20ஆம் நூற்றாண்டில் இந்த அறிவுக்குச் சந்தை ஒரு விலை வைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைப்பை, காலணி, இடைவார் செய்யப் பாம்புத்தோல் தேவைப்பட்டது. தோல் பதனிடும் தொழிலில் முன்னணியில் இருந்த சென்னை அவ்வணிகத்தின் முக்கிய மையமாயிற்று. இருளர் பிடித்துத் தந்த பாம்புகளின் தோல் இடைத்தரகர் கை மாறிக் கப்பலேறியது. பெரும் லாபம் வணிகருக்குச் சென்றது. பிடித்தவருக்கு அன்றாடச் சோற்றுக்கான காசு கிடைத்தது. சாரைப்பாம்பும் நல்லபாம்பும் இவ்வணிகத்தில் பெருமளவில் கொல்லப்பட்டன.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளைக் காக்க அது தேவையான நடவடிக்கை. ஆனால் அதனால் ஒரு சமூகத்தின் முதன்மை வருமானம் நின்றுபோனது. நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. வனச் சட்டங்களால் காட்டு விளைபொருள் திரட்டும் உரிமையை முன்பே பெரிதும் இழந்திருந்த இருளருக்கு இது இரண்டாவது அடி. திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணக் கடனுக்குக் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களில் இருளர் பலர். இத்தகைய குடும்பங்களை அரசு அலுவலர்கள் மீட்ட செய்திகள் அண்மை ஆண்டுகள் வரை வந்துள்ளன.

நஞ்சுக் கூட்டுறவு

தோலுக்குப் பதிலாக நஞ்சு என்ற மாற்றுவழி இந்நெருக்கடியில் பிறந்தது. பாம்புக்கடிக்குரிய நச்சுமுறி மருந்தைத் தயாரிக்க உயிருள்ள பாம்பின் நஞ்சு தேவை. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே மருந்து தயாரிக்கும் முறை. பிரான்சில் ஆல்பர்ட் கால்மெட் 1890களில் நாகப்பாம்பு நஞ்சுக்கு இத்தகைய மருந்தை உருவாக்கினார்.

சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் இருளரிடம் பாம்பு பிடிக்கக் கற்றவர். அவர்களோடு நெருங்கிப் பழகியவர். அவருடைய பண்ணை முதலில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருந்து, 1972இல் கிண்டிக்கு மாறியது. அவரும் இருளர் சிலரும் எடுத்த முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978இல் பதிவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுக்க அனுமதி வழங்க வன உயிரினச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அதன்படி எந்த இனத்தில் எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை அரசு வரையறுக்கிறது.

சங்கம் நான்கு இனங்களை மட்டும் பிடிக்கிறது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவை இந்நான்கினாலேயே நேர்கின்றன. பிடித்த பாம்பைத் துணியால் வாய் கட்டிய மண்பானையில் வைத்துச் சுமார் மூன்று வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுக்கின்றனர். பிறகு வயிற்றுப்புறச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அடையாளம் மறையும் முன் அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் அதை எடுப்பதில்லை. முன்பு ஒரு தோலுக்காக ஒரு பாம்பு செத்தது. இங்கு நஞ்சு தந்த பாம்பு உயிரோடு திரும்புகிறது.

இந்திய நச்சுமுறி மருந்து நிறுவனங்களுக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இச்சங்கத்திலிருந்தே சென்றது. ஒரே பாம்பினத்தின் நஞ்சு இடத்துக்கு இடம் மாறுவதால், தமிழ்நாட்டு நஞ்சை வைத்துச் செய்த மருந்து தொலைவிலுள்ள மாநிலங்களில் அதே அளவு பலன் தருவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனவே பிற பகுதிகளிலும் நஞ்சு திரட்ட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது.

இருளரின் திறமை கடல் கடந்தும் அறியப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வெளியிலிருந்து வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் அழைக்கப்பட்டனர். முதல் எட்டு நாளில் அவர்கள் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வயல்கள் மனைகளானபோது

இதே காலத்தில் மேற்குப் புறநகரின் நிலமே மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடி ராணுவத் தளமாக விரிந்தது. 1955இல் அங்கு காங்கிரஸ் மாநாடு கூடியது. 1960களில் பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. ஆலைகளைத் தொடர்ந்து தொழிலாளர் குடியிருப்புகள் வந்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களும் மனைப்பிரிவுகளாயின.

ஏரிகளும் தப்பவில்லை. சென்னையில் ஏரியை நகராக்கும் வழக்கம் புதிதன்று. 1920களில் மாம்பலம் ஏரிப்பகுதியில் உருவானதுதான் தியாகராய நகர். மேற்கே முகப்பேரில் வீட்டுவசதிக் குடியிருப்பு ஒன்றுக்கு இன்றும் 'ஏரித் திட்டம்' என்றே பெயர். ஏரி போய் அதன் பெயர் மட்டும் முகவரியில் நிற்கிறது.

வயல் மனையாகும்போது பாம்பு உடனே மறைந்துவிடுவதில்லை. கட்டாமல் கிடக்கும் மனையில் புதர் மண்டுகிறது. கட்டடக் கழிவும் குப்பைமேடும் பெருச்சாளிக்கு வளையாகின்றன. உணவுக்கழிவு கொட்டும் இடத்தில் எலி வயலைவிட அதிகமாகப் பெருகுகிறது. இரையும் மறைவிடமும் கிடைப்பதால் சாரையும் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் தங்கிவிடுகின்றன. பல்லி தின்னும் ஓநாய்ப்பாம்பு வீட்டுச் சுவரிடுக்கிலேயே வாழும். அதைக் கட்டுவிரியன் என்று தவறாக எண்ணி அடிப்பவர் பலர். மழைக்காலத்தில் தாழ்வான இடங்களில் நீர் நிறைந்ததும் பாம்புகள் மேடான இடம் தேடி வீட்டுப் படிக்கும் மாடிக்கும் வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் இப்படி நடந்தது. ஊருக்குள் பாம்பு வந்துவிட்டது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பல இடங்களில் பாம்பு இருந்த வயலுக்குள் ஊர்தான் வந்திருக்கிறது.

இன்றைய ஏற்பாடு

வீட்டில் பாம்பைக் கண்டால் இன்று மக்கள் தீயணைப்பு மீட்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்கின்றனர். தன்னார்வப் பாம்புபிடிப்போரும் உள்ளனர். அடித்துக் கொல்வதைவிட இது பெரிய முன்னேற்றம். ஆயினும் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, பிடித்த பாம்பைத் தொலைவில் கொண்டுபோய் விடுவது. பாம்புக்குத் தன் வளையும் இரையும் இருக்கும் வட்டாரம் பழக்கமானது. அறியாத இடத்தில் விடப்பட்ட பாம்புகள் திசை தெரியாமல் அலைந்து அதிகமாக இறப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டாவது, எலியும் குப்பையும் அப்படியே இருந்தால் காலியான வளைக்கு வேறொரு பாம்பு வரும். பாம்பைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. குப்பையை அகற்றுவதும், மனையைச் சுத்தமாக வைப்பதும், சுவர் ஓட்டைகளையும் கழிவுநீர்க்குழாய் வாய்களையும் அடைப்பதும் சேர்ந்ததே தீர்வு.

கடியும் சிகிச்சையும்

உடன் வாழ்வதைப் பற்றிப் பேசும்போது சாவைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. மருத்துவமனைகள் இனி ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே, எந்தப் பருவத்தில், யாரைப் பாம்பு கடிக்கிறது என்ற தெளிவான கணக்கு இதனால் கிடைக்கும்.

புறநகரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை ஊகிக்க அந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. தரையில் படுத்துறங்குபவரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலி குறைவாகவே இருக்கும். சில மணி நேரத்தில் இமை சரிந்து மூச்சு திணறும். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் இரத்தப்போக்கும் சிறுநீரகப் பாதிப்பும் உண்டாகும். மாடிக் குடியிருப்பில் கட்டிலில் உறங்குபவரைவிட, கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தரையில் படுக்கும் தொழிலாளிக்கும், இருட்டில் வெளிக்குச் செல்ல வேண்டியவருக்கும் ஆபத்து பல மடங்கு. கொசுவலை, கட்டில், கைவிளக்கு, வீட்டோடு கழிப்பறை ஆகியவை பாம்புக்கடியைத் தடுக்கும் எளிய காப்புகள். கடிபட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108 ஊர்தி அதற்கு உதவும்.

மிஞ்சியிருக்கும் கணக்கு

அங்கே ஏற்றப்படும் மருந்துக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் இருளர் பிடித்த பாம்பின் நஞ்சிலிருந்து வந்தது. எனினும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் பெறுவதே நீண்ட போராட்டமாக இருக்கிறது. அவர்கள் பாம்பு தேடிய வயல்களும் கரம்புகளும் வேலிக்குள் சென்றுவிட்டன. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குச் செல்வதில் தவறில்லை. அது அவர்களின் உரிமை. ஆனால் தடம் பார்த்துப் பாம்பைச் சொல்லும் அறிவை எவரும் நூலில் முழுமையாக எழுதிவைக்கவில்லை. அதைக் கற்ற தலைமுறை மறைந்தால் அதுவும் மறையும்.

ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி 2019இல் சீரமைக்கப்பட்டு, நடைபாதையும் பறவைகளுக்கான திட்டுகளும் அமைந்தன. ஏரியை மீட்டால் காட்டுயிரும் மனிதரும் ஒருசேரப் பயன்பெறலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. நீர்நிலைக்குக் கிடைத்த அந்தக் கவனம், அதன் கரைகளில் பாம்பையும் எலியையும் அறிந்து வாழ்ந்த மக்களுக்கும் கிடைக்க வேண்டும். தீயணைப்பு, வனத்துறை, உள்ளாட்சி ஆகியவற்றின் பாம்பு மீட்புப் பணிகளில் இருளருக்கு முறையான ஊதியமும் காப்பீடும் உள்ள பணியிடங்கள் தந்தால், நகரத்துக்குத் தேவையான தொழிலறிவும் நிலைக்கும், அந்த அறிவுக்கு நகரம் பட்ட கடனில் ஒரு பகுதியும் தீரும்.